பழைய கம்பெனியில் விட்டுவந்த பி.எஃப். பணத்தைத் தேடி எடுப்பது எப்படி?

அம்பத்தூரில் இரண்டு வருடம், ஓரகடத்தில் மூன்று வருடம், நடுவில் கோயம்புத்தூரில் கொஞ்ச நாள் என்று வேலை மாறி மாறி ஓடியவர்களுக்கு, எந்தக் கம்பெனி பி.எஃப். கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். சின்னத் தொகைதானே, எவன் அலைவான் என்று விட்டவர்கள் உண்டு. கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள், இனி யாரைப் போய்க் கேட்பது என்று கைகழுவியவர்களும் உண்டு. தொழிற்சாலை டைம் ஆபீஸில் பி.எஃப். வேலையைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில், இப்படிப்பட்ட பழைய கணக்கை எங்கிருந்து தேடத் தொடங்குவது, எங்கே மாட்டிக்கொள்ளும், மாட்டினால் என்ன செய்வது என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் பணம் கம்பெனியிடம் இல்லை. சம்பளத்தில் பிடித்ததும் கம்பெனி தன் பங்காகப் போட்டதும் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம், அதாவது நாம் பி.எஃப். ஆபீஸ் என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. (சில பெரிய கம்பெனிகள் மட்டும் தனியாக டிரஸ்ட் வைத்திருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.) கம்பெனி மூடினாலும், கைமாறினாலும், பெயர் மாற்றினாலும் உங்கள் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

வட்டி பற்றியும் ஒரு தவறான பேச்சு உலவுகிறது. மூன்று வருடம் பணம் கட்டாவிட்டால் வட்டி நின்றுவிடும் என்பார்கள். 2011 ஏப்ரலில் அப்படி ஒரு விதி வந்தது உண்மைதான். 2016 நவம்பரில் அதைத் திருத்திவிட்டார்கள். இப்போது இடையில் வேலையை விட்டவருக்கு 58 வயது வரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர், நிரந்தரமாக வெளிநாடு போனவர், இறந்தவர் ஆகியோரின் கணக்குதான் 36 மாதம் யாரும் கேட்காவிட்டால் செயல்படாத கணக்காகி வட்டி நிற்கும்.

தொகை எவ்வளவு தேறும் என்று ஒரு மனக்கணக்கு போடலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 5,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 600 ரூபாய். கம்பெனி பங்கும் 600தான். ஆனால் அந்த 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், மீதி 3.67 சதவீதம் மட்டுமே பி.எஃப்.பில் சேரும். ஆக மாதம் 783 ரூபாய் 50 பைசா. மூன்று வருடத்தில் 28,000 ரூபாய்க்கு மேல். 2023-24, 2024-25 இரண்டு வருடமும் கொடுத்த 8.25 சதவீதத்தை வைத்துப் பார்த்தாலே 15 வருடத்தில் பணம் மூன்று மடங்கைத் தாண்டும். சின்னத் தொகை என்று நினைத்தது லட்சத்தைத் தொடும்.

பணத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது பென்ஷன் சர்வீஸ். 1995 நவம்பர் 16-ல் தொடங்கிய பென்ஷன் திட்டத்தில் மாதாமாதம் பென்ஷன் வாங்க 10 வருட சர்வீஸ் வேண்டும். இப்போதைய கம்பெனியில் 7 வருடம்தான் ஆகியிருக்கிறது, பழைய இடத்தில் 3 வருடம் கிடக்கிறது என்றால், அந்தப் பழைய மூன்று வருடத்தைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் பென்ஷன் உண்டு. இதைத் தெரியாமல் பழைய கணக்கை உடைத்துச் செலவழித்தவர்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

பி.எஃப். நம்பரைக் கண்டுபிடியுங்கள்

எல்லாமே அந்த நம்பரில்தான் இருக்கிறது. பீரோவில் கிடக்கும் பழைய ஃபைலை எடுத்து உட்காருங்கள். சம்பளச் சீட்டில் பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். 2012-க்கு முன் வேலை பார்த்தவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை பி.எஃப். சீட்டு ஒன்று கொடுத்திருப்பார்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆர்டர், வேலையை விட்டு நிற்கும்போது கொடுத்த கணக்கு முடித்த தாள், நாமினி படிவத்தின் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் புரட்டுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்; எந்தக் கம்பெனி பெயரில் உங்களைப் பதிந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. சம்பளம் வந்த வங்கிப் பாஸ்புக்கும் அப்படியே.

நம்பர் கிடைத்தால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பழைய தாளில் டி.என்./12345/678 என்று இருக்கலாம். டி.என். என்பது தமிழ்நாடு. நடுவில் உள்ளது கம்பெனியின் கோடு, அதாவது அடையாள எண். கடைசியில் உள்ளது உங்கள் சொந்த நம்பர். இதை அப்படியே இணையதளத்தில் அடித்தால் ஏற்காது. இப்போதைய முறையில் மாநிலத்துக்கு 2 எழுத்து, ஆபீஸுக்கு 3 எழுத்து, கம்பெனி கோடு 7 இலக்கம், கிளைக்கு 3 இலக்கம், உறுப்பினருக்கு 7 இலக்கம் வேண்டும். ஆகவே சென்னைக் கணக்கு என்றால் டி.என்., எம்.ஏ.எஸ்., 0012345, 000, 0000678 என்று முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும். கிளை நம்பர் ஒன்றும் இல்லையென்றால் 000. அது இல்லை, இது தவறு என்று திரையில் வருவதில் பாதி இந்தப் பூஜ்யத்தால் வரும் தொல்லைதான்.

இன்னொன்று. ஒரு காலத்தில் சென்னைக் கணக்கில் இருந்த பல கம்பெனிகள் இப்போது அம்பத்தூர் அல்லது தாம்பரம் ஆபீஸின் கீழ் இருக்கின்றன. பழைய தாளில் உள்ள ஆபீஸை நம்பி ராயப்பேட்டைக்கு பஸ் ஏறிவிடாதீர்கள், முதலில் சரிபாருங்கள்.

நம்பர் கிடைக்கவில்லை என்றால்

பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின் தேவையில்லை. கம்பெனியின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் கோடு, முகவரி, எந்த ஆபீஸின் கீழ் வருகிறது என்ற விவரம் வரும். முழுப் பெயரை அடிக்காமல் முதல் சொல்லை மட்டும் அடித்துப் பாருங்கள். வாசலில் மாட்டியிருந்த போர்டில் ஒரு பெயர், பதிவில் வேறொரு பெயர் என்பது சகஜம். ஒரே முதலாளிக்கு நாலு யூனிட் இருந்து எல்லாருக்கும் ஒரே கோடில் பணம் கட்டியிருப்பார்கள்.

கம்பெனி பெயரில் தேடித் தேடிச் சலித்தவர்களுக்கு ஒரு கேள்வி: நீங்கள் நேரடி வேலையிலா இருந்தீர்கள், காண்ட்ராக்டிலா? காண்ட்ராக்ட் என்றால் உங்கள் பி.எஃப். ஆளெடுத்துக் கொடுத்த காண்ட்ராக்டர் அல்லது ஏஜென்சியின் கோடில் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கார் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொல்லி அந்தக் கம்பெனி பெயரிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். சம்பளச் சீட்டின் தலைப்பில் வேறு ஒரு பெயர் இருக்கும். அந்தத் தலைப்புதான் நமக்கு வேண்டியது. ஒரே கேட்டுக்குள் வேலை பார்த்தும், இடையில் காண்ட்ராக்டர் மாறியிருந்தால் உங்களுக்கே தெரியாமல் இரண்டு மூன்று கணக்கு இருக்கும்.

கூட வேலை பார்த்தவர்களுக்குப் போன் போடுங்கள். ஒருவரிடமாவது பழைய சீட்டு இருக்கும். கம்பெனி கோடு எல்லாருக்கும் ஒன்றே. உறுப்பினர் நம்பரைப் பெரும்பாலும் சேர்ந்த வரிசைப்படி போட்டிருப்பார்கள் என்பதால், உங்களோடு அதே வாரம் சேர்ந்தவரின் நம்பரைச் சொன்னால், பி.எஃப். ஆபீஸில் உங்கள் பெயரைத் தேடுவது அவர்களுக்கும் எளிது.

கம்பெனி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நேராக டைம் ஆபீஸுக்கோ எச்.ஆருக்கோ போய்க் கேளுங்கள். சண்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சேர்ந்த தேதி, நின்ற தேதி, டோக்கன் நம்பர், அப்பா பெயர் எல்லாம் எழுதி ஒரு கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

யு.ஏ.என். இருக்கிறதா பாருங்கள்

2014 அக்டோபரில்தான் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்தது. ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண். எத்தனை கம்பெனி மாறினாலும் ஒவ்வொன்றின் கணக்கும் அதன் கீழ் வந்து சேர வேண்டும். 2014-க்குப் பிறகு எங்காவது பி.எஃப். பிடித்த வேலை பார்த்திருந்தால் உங்களுக்கு இது கட்டாயம் இருக்கும், தெரியாமலேகூட.

உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். தெரிந்துகொள்ளும் பகுதிக்குப் போய், மொபைல் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு, பெயர், பிறந்த தேதி, ஆதார் அல்லது பான் அல்லது பழைய பி.எஃப். நம்பர் கொடுத்தால் எண் வரும். அதை ஆக்டிவேட் செய்து பாஸ்புக் பகுதியில் நுழைந்தால், அந்த எண்ணோடு சேர்ந்திருக்கும் எல்லாக் கணக்குகளும் தனித்தனியாக வரிசையாக நிற்கும். மத்திய அரசின் உமங் செயலியிலும் பார்க்கலாம். பதிவு செய்த மொபைலில் இருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசி விவரம் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும், ஆனால் பழைய கணக்கைத் தேடுகிறவருக்கு அது போதாது, பாஸ்புக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சிலருக்கு இரண்டு யு.ஏ.என். இருக்கும். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள், அவர்கள் புதிதாக ஒன்று போட்டிருப்பார்கள். பழைய எண்ணில் உள்ள கணக்கை இப்போதைய எண்ணுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

2014-க்கு முன்பே நின்றுவிட்டவருக்கு, அதன்பின் பி.எஃப். வேலையே பார்க்காதவருக்கு, யு.ஏ.என். இருக்காது. அவர் ஆதார், வங்கிப் பாஸ்புக், வேலை பார்த்த ஆதாரம் ஆகியவற்றோடு அந்தக் கம்பெனி எந்த பி.எஃப். ஆபீஸின் கீழ் வருகிறதோ அங்கே நேரில்தான் போக வேண்டும். ஆளைச் சரிபார்த்து அங்கேயே யு.ஏ.என். உருவாக்குவார்கள். நீண்ட காலம் அசையாமல் கிடந்த கணக்கு என்றால் வேறொருவர் எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கூடுதலாகச் சோதிப்பார்கள். அதற்காகக் கோபப்பட வேண்டாம்.

பெயரும் இனிஷியலும்

நம் ஆட்களின் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு முதல் காரணம் இதுதான். மற்ற மாநிலத்தவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இனிஷியல். பி.எஃப். பதிவில் கே. செல்வி, ஆதாரில் செல்வி கந்தசாமி, பான் கார்டில் கந்தசாமி செல்வி, வங்கியில் வெறும் செல்வி. நமக்கு இது நாலும் ஒரே ஆள். கணினிக்கு நாலு பேர். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றிய பெண்களுக்கு இன்னும் ஒரு சுற்று சேர்த்து அலைச்சல். பிறந்த தேதியும் அப்படித்தான். டைம் ஆபீஸில் யாரோ குத்துமதிப்பாக எழுதிய தேதி ஒன்று, ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒன்று.

ஆகவே க்ளைம் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்: பெயர், பிறந்த தேதி, ஆண்/பெண், அப்பா அல்லது கணவர் பெயர், சேர்ந்த தேதி, நின்ற தேதி. எது ஆதாரோடு ஒத்துப்போகவில்லையோ அதை ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் மூலம் திருத்த வேண்டும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய, ஆதாரில் சரிபார்த்த யு.ஏ.என். என்றால் 2025 ஜனவரியில் இருந்து இதில் பெரும்பாலானவற்றை நீங்களே ஆன்லைனில் திருத்தலாம், கம்பெனி ஒப்புதல் வேண்டாம். அதற்கு முந்தைய எண் என்றால் கம்பெனி வழியாகப் போக வேண்டும்.

கம்பெனி மூடிவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. கம்பெனி கையெழுத்துக்குப் பதிலாகக் கெஜட்டட் அதிகாரி, உங்கள் கணக்குள்ள வங்கியின் மேனேஜர், போஸ்ட் மாஸ்டர், ஊராட்சித் தலைவர் போன்றவர்களின் சான்றொப்பத்தை ஏற்கிறார்கள். என் அனுபவத்தில் வங்கி மேனேஜரிடம் வாங்குவதுதான் எளிது. யாருடைய சான்றொப்பம் வேண்டும் என்பதை அந்த ஆபீஸிலேயே கேட்டுக்கொண்டு பிறகு வாங்கப் போங்கள். இல்லாவிட்டால் இரண்டு வேலை.

நின்ற தேதி பதிவில் ஏறாமல் இருப்பதும் அடிக்கடி நடக்கும். கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் அதை நீங்களே ஆன்லைனில் போட முடியும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் உள்ள தேதியாக இருக்க வேண்டும். போட்ட பிறகு மாற்றுவது கஷ்டம் என்பதால் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

மாற்றுவதா, எடுப்பதா?

இப்போது வேறு இடத்தில் பி.எஃப். பிடித்தத்தோடு வேலை பார்க்கிறீர்கள் என்றால், பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றுவதுதான் முறை. உறுப்பினர் தளத்திலேயே அதற்கான விண்ணப்பம் இருக்கிறது. தாளில் என்றால் படிவம் 13. ஒரே யு.ஏ.என். கீழ் ஆதாரோடு விவரம் பொருந்தியிருக்கும் கணக்குகளுக்கு 2025 ஜனவரியில் இருந்து பழைய முதலாளியோ புது முதலாளியோ ஒப்புதல் தரத் தேவையில்லை.

மாற்றினால் சர்வீஸ் தொடரும், வட்டி தொடரும், வரியும் இல்லை. மொத்த சர்வீஸ் 5 வருடம் முடியும் முன் பணத்தை எடுத்தால் வருமான வரிக் கணக்கில் வரும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பான் இருந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இனி பி.எஃப். உள்ள வேலைக்கே போகப்போவதில்லை என்பவர் எடுக்கலாம். பி.எஃப். தொகைக்குப் படிவம் 19. பென்ஷன் பகுதிக்கு, 10 வருடத்துக்குக் குறைவு என்றால் படிவம் 10-சி. இந்த 10-சி.யில் இரண்டு தேர்வு உண்டு: பணமாக வாங்கிக்கொள்வது, அல்லது ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி சர்வீஸைப் பத்திரப்படுத்துவது. வயது குறைவு, மறுபடி வேலைக்குப் போக வாய்ப்பு உண்டு என்றால் சர்டிபிகேட் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இ-சேவை மையத்தில் கேட்காமலேயே பணம் என்று டிக் அடித்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். 10 வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பென்ஷன் பகுதியைப் பணமாக எடுக்க முடியாது. 58 வயதில் படிவம் 10-டி போட்டு மாதப் பென்ஷனாகத்தான் வரும். 50 வயதில் இருந்தே குறைத்த தொகைக்கு வாங்கவும் வழி உண்டு.

டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனிகள்

டி.சி.எஸ்., விப்ரோ போன்ற சில பெரிய நிறுவனங்கள் பி.எஃப். பணத்தைத் தங்கள் டிரஸ்டிலேயே வைத்து நிர்வகிக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர் அரசு பாஸ்புக்கில் பணத்தைத் தேடினால் இருக்காது. காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம். அந்த நிறுவனத்தின் பி.எஃப். டிரஸ்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பென்ஷன் பங்கு மட்டும் எப்போதும் அரசு அமைப்பிடம்தான் இருக்கும். டிரஸ்டில் இருந்து மாற்றும்போது அனெக்சர் கே என்ற விவரத் தாள் போக வேண்டும். அது போய்ச் சேராமல் இருப்பதுதான் வழக்கமான தாமதக் காரணம்.

அசையவில்லை என்றால்

முழு விவரத்தோடு போட்ட க்ளைமை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவில்லை என்றால் பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். யு.ஏ.என். இல்லாதவர்களும் பதியலாம். புகாரை நீட்டி முழக்காதீர்கள். கம்பெனி பெயர், கோடு, வேலை பார்த்த காலம், அப்பா பெயர், என்ன வேண்டும் என்பது மட்டும் போதும்; சம்பளச் சீட்டை இணைத்துவிடுங்கள். போனில் கேட்க 14470.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். ஆபீஸ் தூரமாக இருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. அசலையும் இரண்டு செட் ஜெராக்ஸையும் கொண்டுபோங்கள்.

எதற்கும் பதில் இல்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். ஏன் தரவில்லை என்று கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தக் கோடில், இந்த வருடங்களுக்கு, என் பெயரில் உள்ள படிவம் 3-ஏ (வருடாந்திரப் பணம் கட்டிய தாள்) நகலும் கணக்கு விவரமும் வேண்டும் என்று. 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய காகிதக் காலத்துக் கணக்குகளில் பலது இந்த மனுவுக்குப் பிறகுதான் வெளியே வந்திருக்கிறது.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கம்பெனி கட்டவே இல்லை என்று பாஸ்புக்கில் தெரிந்தால், பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டோடு அந்த பி.எஃப். ஆபீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள். விசாரித்து வசூலிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

இறந்தவரின் கணக்கைக் குடும்பத்தார் தேடும்போதும் வழி இதேதான், பி.எஃப். தொகைக்குப் படிவம் 20, குடும்பப் பென்ஷனுக்கு 10-டி. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் காப்பீட்டுத் தொகைக்குப் படிவம் 5-ஐ.எஃப். போடுங்கள். இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் பி.எஃப். ஆபீஸில் கட்டணம் கிடையாது. எடுத்துத் தருகிறேன், இவ்வளவு சதவீதம் கொடு என்று வருகிறவரிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டால், பிறகு பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

பழைய கணக்கு மாறி வந்ததும் பாஸ்புக்கைத் திறந்தால் உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் ஏறியிருக்கும், பென்ஷன் கட்டத்தில் மட்டும் பூஜ்யம் இருக்கும். இதைப் பார்த்துத்தான் நிறைய பேர் போன் செய்கிறார்கள். பென்ஷனில் பணம் மாறாது, சர்வீஸ் மட்டும்தான் மாறும். அதனால் அந்தப் பூஜ்யம் சரிதான். சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்துக்குப் போய்ப் பழைய கம்பெனியில் சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள்.